ஜூஷான் குன்றின் ஓடுகள்: ஜிங்டெஷென் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தின் வடகிழக்கே, மலைகள் சூழ்ந்த சாங் ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது ஜிங்டெஷென். இன்று பிற்பகல் வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு வரும் வழியில் முதலில் கண்ணில் பட்டவை தெருவிளக்குக் கம்பங்களே. வெள்ளைப் பரப்பில் நீலக் கொடியும் பூவும் தீட்டிய பீங்கான் உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றையே கம்பங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். தூறலில் நனைந்திருந்த அவை, அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் போல மின்னின.

இந்த ஊர் தன் பெயரையே ஒரு பேரரசரிடமிருந்து பெற்றது. முன்பு இதற்குச் சாங்னான் என்று பெயர். சொங் வம்சத்துப் பேரரசர் ஜென்சொங், இங்கிருந்து அரண்மனைக்குப் போன கலங்களில் மனத்தைப் பறிகொடுத்து, 1004 முதல் 1007 வரை வழங்கிய தம் ஆட்சியாண்டுகளின் பெயரான ‘ஜிங்டெ’ என்பதை இவ்வூருக்குச் சூட்டினார். அன்று தொடங்கிய உறவு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் நீடித்தது. மங்கோலிய யுவான் ஆட்சி 1278இல் இங்கே பீங்கானுக்கென்றே ஓர் அரசு அலுவலகத்தைத் திறந்தது. யுவானுக்குப் பின் வந்த மிங் ஆட்சியின் தொடக்கத்தில் அரண்மனைக்கு மட்டுமே உரிய சூளைகள் எழுந்தன. மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சம் வீழும்வரை அந்தச் சூளைகளில் தீ எரிந்தது.

நான் இங்கே வந்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில், 1980களில் வரலாற்றாய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்த சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றி மாணவப் பருவத்தில் கேள்விப்பட்டேன். அவற்றில் லாங்சுவான் சூளைகளின் பச்சைப் பீங்கானும் உண்டு என்று அறிந்தபோது, பாண்டிய நாட்டுக் கரையில் அந்தக் கலத்தை வாங்கியவர் யார், அதை வீட்டில் எங்கே வைத்தார், யார் கண்ணில் படவேண்டும் என்று வைத்தார் என்றெல்லாம் மனம் ஓடிற்று. மண்ணும் நீரும் நெருப்பும் சேர்ந்து உருவான ஒரு கிண்ணம், அதை வைத்திருப்பவரின் செல்வத்தையும் தகுதியையும் ஊருக்குச் சொல்லும் பொருளாக எப்படி மாறியது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு விடை தேட இவ்வூரை விடப் பொருத்தமான இடம் இல்லை.

மொழிபெயர்த்து உதவ உள்ளூர் மாணவி ஒருவர் ஐந்து நாளும் உடன் வர இசைந்திருக்கிறார். என்னை ‘லாவ்ஷி’ என்று அழைக்கிறார். ஆசிரியர் என்று பொருள். மூத்தவர்களை மரியாதையாக விளிக்கவும் அச்சொல் பயன்படுகிறது. நாளைக் காலை அரண்மனைச் சூளைக்குப் போகிறோம்.

இரண்டாம் நாள்

நகரின் நடுவே ஜூஷான் என்ற சிறு குன்று இருக்கிறது. ‘முத்துமலை’ என்று தமிழில் சொல்லலாம். அதன் உச்சியில் ஒரு மாடக்கோபுரமும், அடிவாரத்தைச் சுற்றி அரண்மனைச் சூளையின் எச்சங்களும் உள்ளன. அருகிலேயே புதிதாக எழுந்த அருங்காட்சியகத்தைக் கட்டடக் கலைஞர் ஜூ பெய், சூளைகளின் முட்டை வடிவத்தை நினைவூட்டும் செங்கல் வளைவுகளாக அமைத்திருக்கிறார். பழைய சூளைகளிலிருந்து பிரித்தெடுத்த கற்களையும் புதிய கற்களுடன் கலந்து கட்டியிருக்கிறார்கள். தீயில் பலமுறை வெந்த கற்களில் தீயில் உருகிக் கண்ணாடியாகப் படியும் பூச்சான மெருகு, கருஞ்சிவப்பாக ஒழுகி உறைந்திருக்கிறது. கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடியைப் போல வழுவழுப்பாக இருந்தது.

உள்ளே கண்டவற்றில் பெரும்பாலானவை முழுக்கலங்கள் அல்ல. உடைந்த துண்டுகளைப் பொருத்தி, கிடைக்காத இடங்களை வெள்ளைச் சாந்தால் நிரப்பி மீட்டெடுத்த கலங்கள் அவை. முதலில் இதைச் சாதாரணத் தொல்லியல் சேதம் என்றுதான் நினைத்தேன். மாணவி விளக்கிய பிறகுதான் இவை காலத்தால் உடைந்தவை அல்ல, வேண்டுமென்றே உடைக்கப்பட்டவை என்று புரிந்தது.

மிங் காலத்தில் அரண்மனைச் சூளையிலிருந்து வெளிவந்த ஒவ்வொரு கலத்தையும் சோதித்தார்கள். விளிம்பு இம்மியளவு சாய்ந்திருந்தாலும், நீலம் சற்று மங்கியிருந்தாலும், அடியில் ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் அது பேரரசருக்கு ஆகாது. ஆகாது என்பதால் வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் இல்லை. பேரரசருக்காகப் பிறந்த கலத்தை இன்னொருவர் தொட்டால் அதன் மேன்மை என்னாவது? அதனால் சூளையடியிலேயே அவற்றை உடைத்துக் குழியில் புதைத்தார்கள். ஒரே கலத்தின் துண்டுகள் ஒரே இடத்தில் கிடந்ததால்தான், 1980களிலிருந்து தொல்லியலாளர் லியு சின்யுவானும் அவருடன் உழைத்தவர்களும் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து மீண்டும் உருவாக்க முடிந்தது. அரண்மனைக்குப் போன கலங்கள் உலகெங்கும் சிதறிவிட, வேண்டாம் என்று ஒதுக்கியவை ஐந்நூறு ஆண்டுகள் இந்தக் குன்றடியில் அப்படியே காத்திருந்தன.

1988இல் தோண்டியெடுத்த டிராகன் தொட்டி ஒன்றன் முன் நெடுநேரம் நின்றேன். ஷெங்தோங் பேரரசரின் காலத்தது. மேகங்களுக்கு நடுவே நீல டிராகன் பாய்ந்து வருகிறது. ஒரு சிறுவன் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளலாம் என்னும் அளவுக்குப் பெரியது. அதன் குறுக்கே வெள்ளைச் சாந்துக் கோடுகள் ஆற்றுக் கிளைகள் போல ஓடுகின்றன. அத்தனை பெரிய தொட்டியை வனைந்து, உலர்த்தி, தீட்டி, சுட்டு எடுத்தவர்கள், கடைசியில் அது நொறுங்குவதையும் நின்று பார்த்திருப்பார்கள். அந்த நாளை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

அதே ஆட்சியில்தான், 1438இல், தனியார் சூளைகள் அரண்மனைப் பாணியில் வெள்ளைமேல் நீலம் தீட்டிய கலங்களைச் செய்யக்கூடாது என்ற ஆணை பிறந்தது. மீறியவருக்கு மரண தண்டனை. குடும்பம் முழுவதும் எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தப்படும். நாம் இன்று அங்காடியில் வாங்கிச் சோறு போட்டு உண்ணும் நீலப்பூத் தட்டைச் செய்ததற்காக ஒருவர் தலை போயிருக்கக்கூடும் என்பது நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. களிமண்ணும் நீல மையும் கொண்ட தனியாருக்கு அந்தக் கலத்தைச் செய்யும் திறமை இருந்தது. திறமை இருந்ததனால்தான் தடை தேவைப்பட்டது. பொன்னைப் போலவோ முத்தைப் போலவோ இயற்கையாகவே அரிதாகக் கிடைக்கும் பொருளன்று இது. சட்டமும் சம்மட்டியும் சேர்ந்து இதை அரிதாக்கின. உயர்ந்தவர் யார் என்று காட்டுவதற்குப் பீங்கான் அத்தனை பொருத்தமாக அமைந்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங் அரண்மனையில் இந்தப் படிநிலை இன்னும் நுணுக்கமாயிற்று. உள்ளும் புறமும் மஞ்சள் மெருகிட்ட கலங்கள் பேரரசரின் தாய்க்கும் பேரரசிக்கும் உரியவை. முதல் நிலைத் துணைவிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அவருக்கு அடுத்த இரு நிலையினருக்கு மஞ்சள் தரையில் பச்சை டிராகன். அதற்கும் கீழே நீலத் தரையில் மஞ்சள் டிராகன். பிறகு பச்சைத் தரையில் ஊதா டிராகன். அதன் பின் பல வண்ணங்களுக்கு நடுவே சிவப்பு டிராகன். ஒரு பெண் தன் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும், பேரரசரின் பார்வையில் தான் எந்தப் படியில் நிற்கிறாள் என்பது அறையிலுள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும். கிண்ணத்தின் உட்புறம் வெள்ளையா மஞ்சளா என்ற ஒரே வேறுபாட்டில் ஒரு வாழ்நாளின் ஏற்றமும் இறக்கமும் அடங்கியிருந்தன. சோறு உண்ணும் ஒவ்வொரு வேளையும் அது நினைவூட்டப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பிற்காலத்தில், சியன்லோங் பேரரசர் குறையுள்ள கலங்களை உள்ளூரிலேயே விற்க அனுமதித்தார். அப்போது சூளைகளை மேற்பார்வையிட்ட தாங் யிங், மஞ்சள் கலங்களை மட்டும் அவ்வாறு விற்கலாகாது என்று வேண்டிக்கொண்டார், பேரரசரும் இசைந்தார். தாங் யிங் சாதாரண அதிகாரி அல்லர். 1728இல் இங்கே வந்த அவர், தொழிலாளரோடு ஒன்றாக உண்டு உறங்கித் தொழிலைக் கற்றவர். பீங்கான் தொழிலின் 20 படங்களுக்கு 1743இல் விளக்கம் எழுதியவர். அத்தகையவருக்கும் மஞ்சளைத் தெருவில் விடலாம் என்று தோன்றவில்லை.

கடைசியாக ஒரு சிறு கிண்ணம். கோழியும் சேவலும் குஞ்சுகளும் தீட்டிய, செங்ஹுவா ஆட்சிக்கால (1465–1487) வகையைச் சேர்ந்தது. குறுக்களவு 8 சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு நூற்றாண்டு கழித்து வான்லி பேரரசரின் காலத்திலேயே இத்தகைய கிண்ணம் ஒரு ஜோடி ஒரு லட்சம் காசு பெறும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2014இல் ஹாங்காங் ஏலத்தில் இவ்வகைக் கிண்ணம் ஒன்று 28.12 கோடி ஹாங்காங் டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் ஷாங்காய்ச் செல்வர் லியு யிசியன்; அந்தக் கிண்ணத்திலேயே தேநீர் ஊற்றிக் குடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். அதற்காகப் பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். பேரரசர் ஒருவர் வாய் வைத்த கலத்தில் தாமும் வாய் வைப்பது என்ற அந்த ஆசை, இந்த அருங்காட்சியகத்தில் கண்ட அனைத்தோடும் ஒட்டி வருகிறது. விலை கொடுத்து அவர் வாங்கியது ஒரு கிண்ணத்தை மட்டுமன்று.

மூன்றாம் நாள்

இன்று கூயாவ் என்னும் பழஞ்சூளை வளாகம். நகரின் மேற்குப் புறத்தில் மரங்களுக்கிடையே பழைய பட்டறைகளையும் சூளைகளையும் காத்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளருக்காக நடத்தப்படும் இடமாக இருந்தாலும், வேலை செய்கிறவர்கள் உண்மையான தொழிலாளர்கள். நாற்பது ஐம்பது ஆண்டு மண்ணில் கைவைத்தவர்கள்.

வனைபவர் தரையோடு தரையாகப் பதிந்த பெரிய மரச் சக்கரத்துக்கு மேலே கால்களை அகற்றி அமர்ந்திருந்தார். சக்கரத்தின் விளிம்பருகே உள்ள குழியில் ஒரு கழியைச் செருகி வேகமாகச் சுழற்றிவிட்டு, கழியை ஒதுக்கிவைத்து, அந்தச் சுழற்சி தணிவதற்குள் ஒரு கிண்ணத்தை எழுப்பினார். நம் ஊர்க் குயவர் திரிகையைக் கழியால் சுற்றிவிடுவதை அப்படியே நினைவூட்டியது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பலகை நிறையக் கிண்ணங்கள் நின்றன. ஆனால் அவை தடித்த கிண்ணங்கள். அவற்றை மெலிதாக்குவது இன்னொருவரின் வேலை.

அந்த இன்னொருவரின் அருகில்தான் இன்றைய பொழுதில் பாதியைக் கழித்தேன். அறுபது வயது தாண்டியவர். உலர்ந்த கிண்ணத்தைச் சக்கரத்தின் நடுவிலுள்ள கட்டையில் கவிழ்த்து வைத்து, தானே அடித்து வளைத்த இரும்புக் கத்தியால் சீவுகிறார். வெள்ளைச் சுருள்கள் தேங்காய்த் துருவல் போல அவர் மடியில் விழுகின்றன. இடையிடையே நின்று விரல் நுனியால் கிண்ணத்தைச் சுண்டுகிறார். கனத்த ஒலி வந்தால் இன்னும் சீவ வேண்டும். ஒலி மெலிந்துகொண்டே வரும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது காதுக்குத்தான் தெரியும். இன்னும் ஒரு முறை சீவினால் கிண்ணம் ஓட்டையாகிவிடும் என்ற இடத்தில் அவர் கத்தியை வைத்துவிட்டார். விளக்குக்கு நேரே அதைத் தூக்கிக் காட்டியபோது மறுபுறம் இருந்த விரல்களின் நிழல் தெரிந்தது. சுடாத பச்சைக் கிண்ணம் அது. சற்று அழுத்திப் பிடித்தால் கையிலேயே பொடிந்துவிடும்.

“ஷிஃபு, வீட்டில் எதில் தேநீர் குடிப்பீர்கள்?” என்று என் சார்பில் மாணவி கேட்டார். ஷிஃபு என்றால் தொழிலில் தேர்ந்த குரு. அவர் பலகைக்குக் கீழே இருந்து மூடி போட்ட கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்தார். பாதியளவு தேயிலை ஊறிக்கொண்டிருந்தது.

“இது கீழே விழுந்தால் மனம் பதறாது” என்றார்.

1637இல் தொழில்களைப் பற்றி நூல் எழுதிய சொங் யிங்சிங், ஒரு கிண்ணம் உருவாக 72 கைகளைக் கடக்க வேண்டும் என்கிறார். பட்டறை பட்டறையாக நடந்தபோது அது மிகையன்று என்று தெரிந்தது. விளிம்பில் நீலக் கோடு இடுபவர் நாள் முழுவதும் கோடு மட்டுமே இடுகிறார். பூவின் ஓரம் வரைபவர் ஒருவர். உள்ளே வண்ணம் நிரப்புபவர் வேறொருவர். மூங்கில் குழலின் நுனியில் மெல்லிய துணி கட்டி வாயால் ஊதி மெருகைத் தெளிப்பவரும் உண்டு. கலத்தின் அடியில் எழுதப்படுவதோ பேரரசரின் ஆட்சிப் பெயர் மட்டும். அந்த 72 பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

பெயர் நிலைத்த ஒருவர் உண்டு. அதற்கு அவர் கொடுத்த விலை தன் உயிர். வான்லி காலத்தில், 1599இல், அரண்மனைக்கான பெரிய டிராகன் தொட்டிகளைச் செய்து அனுப்பும்படி பான் சியாங் என்ற அரண்மனை அலி அதிகாரி இங்கே வந்து தொழிலாளரை வருத்தினான். தொட்டிகள் சூளைக்குள் வெடித்துக்கொண்டே இருந்தன. பட்டினியும் பிரம்படியும் தொடர்ந்தன. பொறுக்க முடியாத தோங் பின் என்ற தொழிலாளி எரியும் சூளைக்குள் குதித்தார். மறுநாள் சூளையைத் திறந்தபோது தொட்டி பழுதில்லாமல் வந்திருந்தது என்கிறது ஊர் வழக்கு. காற்றுக்கும் தீக்கும் உரிய தெய்வமாக அவரைக் கும்பிட்டார்கள்; கோயில் எழுப்பினார்கள். சூளை மூட்டும் முன் இன்றும் அவருக்குப் பத்தி ஏற்றுகிறார்கள். மேலே சொன்ன தாங் யிங், தம் காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய டிராகன் தொட்டி ஒன்றைத் தேடி எடுத்து, தோங் பின் கோயிலருகே வைத்து, அந்த வரலாற்றை எழுதியும் வைத்தார். அவர்மீது எனக்கு இன்று மதிப்புக் கூடியது.

அகாலச் சாவுக்கு ஆளானவரைக் கோயில் எழுப்பிக் கும்பிடும் வழக்கம் நம் ஊர்களுக்கும் புதிதல்ல. அதனால்தானோ என்னவோ, மொழி தெரியாத அந்தச் சன்னதியில் எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. பெய்ஜிங்குக்கு வடக்கே, 1956 முதல் 1958 வரை அகழ்ந்த வான்லி பேரரசரின் கல்லறையில் மூன்று பெரிய பீங்கான் டிராகன் தொட்டிகள் இருந்தன. எண்ணெய் ஊற்றித் திரியிட்டு, அணையா விளக்காகப் பேரரசரோடு வைத்திருந்தார்கள். அவை அவருக்கு முந்தைய ஜியாஜிங் ஆட்சியில் செய்தவை. அந்தத் தொட்டிகளுக்காகவும் யாரோ எங்கோ அடி வாங்கியிருப்பார்கள்.

மாலையில் முட்டை வடிவச் சூளைக்குள் தலை குனிந்து நுழைந்தோம். பைன் விறகில் சுடுவது மரபு. அதன் சுடர் நீண்டு சூளையின் கடைசிவரை செல்லும். வெப்பமானிகள் வருவதற்கு முன், தீயைக் கண்காணிக்கும் ஷிஃபு சூளை வாயில் எச்சிலைத் துப்பி, அது ஆவியாகும் விதத்தைக் கொண்டு வெப்பத்தை அறிவாராம். அவர் ஒருவர் தவறினால் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு ஒரே இரவில் வீணாகும். உள்ளே சுவரெங்கும் பழைய தீயின் மெருகு வழிந்து நிற்கிறது.

நான்காம் நாள்

காலையில் நகருக்கு வடகிழக்கே மலையில் உள்ள காவ்லிங் சிற்றூருக்குப் போனோம். உயர்ந்த மேடு என்பது பெயரின் பொருள். உலகம் முழுவதும் வெள்ளைக் களிமண்ணை ‘கயோலின்’ என்று அழைப்பது இவ்வூர்ப் பெயரைக் கொண்டுதான். மண் எடுப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நின்றுவிட்டது. கழுவிக் கொட்டிய வெள்ளை மணல் மட்டும் பச்சை மரங்களுக்கு நடுவே இன்னும் மேடு மேடாகக் கிடக்கிறது. மண் சுமந்தவர்கள் நடந்து தேய்ந்த கற்பாதையில் நாங்களும் ஒரு மணி நேரம் நடந்தோம். அதற்கு மேல் அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் எழுதுவதற்கு ஒன்று உண்டு.

ஐரோப்பியர் பல தலைமுறைகளாக இந்தக் கலங்களுக்கு விலை கொடுத்து வந்தார்களே தவிர, செய்யும் வகை அறியவில்லை. சேசு சபைப் பாதிரியார் டான்ட்ரெகோல் இங்கே தங்கி, 1712இலும் 1722இலும் எழுதிய இரு கடிதங்களில் இரகசியத்தை வெளியிட்டார். இடித்துப் பொடியாக்கிய வெண்கல்லும் காவ்லிங் மண்ணும் சேர வேண்டும். கல் சதை, மண் எலும்பு. கல்லை மட்டும் கொண்டுபோய்ச் செய்து பார்த்த அயல்நாட்டார், எலும்பில்லாமல் உடம்பு செய்யப் பார்த்தார்கள் என்று வணிகர் ஒருவர் அவரிடம் சொன்னாராம். அந்த எலும்பு இருப்பதால்தான் 1300 டிகிரி வெப்பத்திலும் கலம் குழைந்து சரியாமல் நிற்கிறது.

பிற்பகலில் சாங் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம். இந்த ஆறு போயாங் ஏரியில் கலந்து, அங்கிருந்து யாங்சி நதியை அடைகிறது. அரண்மனைக்குரிய பெட்டிகள் பெருங்கால்வாய் வழியே பெய்ஜிங்குக்குப் போயின. தனியார் சூளைகளின் கலங்களோ துறைமுகங்களுக்குப் போய் உலகெங்கும் பரவின. என் கேள்விக்கு இன்னொரு பாதி விடை இங்கே கிடைத்தது. பேரரசரின் அடுக்களைக்குள் நுழையத் தகுதி பெறாத தட்டு, கடலைத் தாண்டியதும் அரசர்களின் கருவூலப் பொருளாயிற்று. பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கலங்களைக் காணிக்கையாக்கினார். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் சுவாஹிலிச் செல்வர்கள் பள்ளிவாசல் சுவர்களிலும் கல்லறைத் தூண்களிலும் சீனக் கிண்ணங்களைப் பதித்தார்கள். போர்னியோவில் சீன ஜாடிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்தாக இருந்தன. ஜெர்மனியின் சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ், 1717இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 பீங்கான் கலங்களைப் பெற்று அதற்கு ஈடாகத் தம் படையின் 600 வீரர்களைக் கொடுத்தார். குதிரையும் ஆயுதமும் சீருடையும் இல்லாமல் ஆட்களாகவே அனுப்பினார். அவ்வாறு வந்த உயரமான நீல ஜாடிகளை அந்த வீரர்களின் படைப்பிரிவுப் பெயராலேயே டிரெஸ்டன் நகரில் இன்றும் வழங்குகிறார்கள். ஒரு கலத்துக்கு ஏறத்தாழ நான்கு மனிதர்கள் என்று நான் கணக்குப் போட்டதைக் கேட்ட மாணவி, ஆற்றைப் பார்த்தபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு அவர் சொன்னது: “லாவ்ஷி, இங்கே அந்த ஜாடியைச் செய்தவருக்கு அவர்களைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்காது.”

ஐந்தாம் நாள்

வாரம் ஒரு முறை விடியும் முன் கூடும் பழம்பொருள் சந்தையை இங்கே பேய்ச்சந்தை என்கிறார்கள். நான்கு மணிக்கே போய்விட்டோம். விளக்கில்லாத வெளியில் தரையில் துணி விரித்து, கைவிளக்கு வெளிச்சத்தில் விற்கிறார்கள். வாங்குவோரும் தங்கள் விளக்கோடு வருகிறார்கள். வட்ட வட்டமாக வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நீலமும் வெள்ளையும்.

ஒரு விரிப்பில் பூக்கள் தீட்டிய கிண்ணங்களைக் காட்டி, “7501” என்றார் விற்பவர். அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1975இல் மாவோவின் பயன்பாட்டுக்காக இவ்வூரின் பீங்கான் ஆய்வு நிலையத்தில் தனிப் பாத்திரத் தொகுதி ஒன்று செய்யப்பட்டது. அந்த ஆண்டின் முதல் பணி என்பதைக் குறிப்பது அவ்வெண். வெளிர்சிவப்புப் பீச் மலர்களும் செம்பிளம் மலர்களும் தீட்டிய மிக நேர்த்தியான கலங்கள். அனுப்பியவை போக எஞ்சியவற்றை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. உழைத்தவர்களுக்கு மனம் வராமல், அவற்றைப் பத்திரப்படுத்திப் பின்னர் ஊழியர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகப் பங்கிட்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இன்று உண்மையான கிண்ணம் ஒன்று பெரும் விலை பெறும். சந்தையில் பரப்பியிருந்தவை நகல்கள். பேரரசர்கள் போய் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், எல்லோரும் சமம் என்று முழங்கிய ஆட்சியிலும், மிகுந்ததை உடை என்ற அந்தப் பழைய உத்தரவு உயிரோடு இருந்திருக்கிறது. ஆனால் இந்த முறை செய்தவர்கள் உடைக்கவில்லை. இப்பயணத்தில் நான் கேட்டவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

ஓடுகளை மட்டும் விற்கும் ஒரு பாட்டியின் விரிப்பில் குந்தி உட்கார்ந்தேன். ஐந்து நகமுள்ள டிராகனின் கால் தெரியும் துண்டுகளை அவர் முன்வரிசையில் அடுக்கியிருந்தார். ஐந்து நகம் அரண்மனைக்குரியது என்பதால் அவற்றுக்குக் கேட்பவர் அதிகம். அதனாலேயே போலிகளும் அதிகம் என்று மாணவி தணிந்த குரலில் எச்சரித்தார். பின்வரிசையில் கிடந்தவை தனியார் சூளைகளின் சோற்றுக் கிண்ணங்கள். உழவரும் படகோட்டியும் உண்டவை. அவற்றில் ஒரு கிண்ணத்தின் அடிப்பாகத்தை எடுத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். அடி வளையத்தைச் சுற்றி, மெருகு படியாத மூன்று நீள்வட்டத் தடங்கள் இருந்தன. கிண்ணத்தை மெருகுக் கரைசலில் தோய்த்தவர் பிடித்திருந்த விரல்கள் அவை. அரண்மனைக் கலங்களில் இவ்வகைத் தடம் இருக்காது. இருந்தால் அதுவே உடைப்பதற்குப் போதிய காரணம்.

என்ன விலை என்று கேட்டோம். ஒரு வேளை நூடுல்ஸ் விலைதான். ஆனால் 1911க்கு முந்தைய பொருளை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது என்று மாணவி நினைவூட்டினார். பாட்டிக்கும் அது புரிந்தது. ‘பார்த்துவிட்டுத் தாருங்கள்’ என்பது போலக் கையசைத்தார். என் கட்டை விரலையும் மற்ற இரு விரல்களையும் அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல்களை விடச் சிறியவை. கிண்ணத்தின் உட்புறத்தில் யாரோ மூன்றே தீற்றலில் தீட்டிய நீலப் புல் ஒன்று இருந்தது.

கிழக்கு வெளுத்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாட்டி என் கையிலிருந்த ஓட்டை வாங்கி, முந்தானை போன்ற மேலங்கி நுனியால் துடைத்து, முன்வரிசையில் ஐந்து நக டிராகனுக்குப் பக்கத்தில் வைத்தார்.